நன்றி சொல்லும் நாற்காலி

ஒட்வார் வாயைத் திறந்தால் வானிலையைப் பற்றிச் சொல்வதற்காக இருக்கும், இல்லாவிட்டால் கொட்டாவி விடுவதற்காக இருக்கும். வடக்கே கடலோரத்தில் இருக்கும் லாங்விக் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே கிடையாது. வயது அறுபத்திரண்டு. அதில் பெரும்பகுதி மீன் லாரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போயிற்று. பக்கத்து சீட்டில் ஆள் இல்லாதவனுக்குப் பேச்சு எதற்கு? பேசாமலேயே பழகிவிட்டான். அப்படிப்பட்ட மனுஷன், இறங்குவதற்குள் ஒரு பெண்ணிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு கப்பலேறினான் என்றால், அது அவனுக்கு எவ்வளவு தலைபோகிற காரியமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஹால்டிஸ். பக்கத்து வீட்டுக்காரி. கணவர் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடமாகிறது. ஒட்வார் கல்யாணமே செய்துகொள்ளாதவன். பனிக்காலத்தில் அவள் வாசலில் விழுந்து கிடக்கும் பனியை, அவள் எழுந்திருப்பதற்கு முன்பே இவன் தள்ளி ஒதுக்கிவிடுவான். அவள் ரொட்டி சுட்டால் அதில் ஒன்று பையோடு இவன் கதவுப்பிடியில் தொங்கும். விவகாரம் இவ்வளவுதான். வருடக்கணக்காக இவ்வளவேதான்.

இப்போது அவள் வீட்டை விற்கப் போகிறாள். ஆகஸ்டில் தெற்கே பெர்கன் நகரத்துக்கு, மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாள். மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், இங்கே இரு என்று சொல்லத்தான் ஒருத்தரையும் காணோம் என்று அவள் தன் அக்கா ராக்னாவிடம் வேலிப் பக்கம் நின்று சொன்னது, தபால் எடுக்கப் போன ஒட்வாரின் காதில் விழுந்துவிட்டது. அன்றோடு அவன் தூக்கம் போயிற்று. 'இங்கேயே இருங்கள்' என்பது எவ்வளவு சின்ன வார்த்தை! அதைச் சொல்ல அவனுக்கு வசந்தம் முழுக்கப் போதவில்லை.

ராக்னாவுக்கு ஜூனில் எழுபது நிறைந்தது. மண்டபம் பிடித்து, கேக் வெட்டி, அதே முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்கு இஷ்டமில்லை. அதே முகங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டாள். தன்னையும் சேர்த்து, உறவும் அக்கம்பக்கமுமாகப் பன்னிரண்டு பேர். 'ஹாவ்சூலா' என்று பெயர், பழைய கரையோரக் கப்பல். கோடையில் அது சாப்பாட்டுக்காகவே வடக்கே போகும். பூடோவில் ஏறினால் கிர்கெனெஸ் வரைக்கும் எந்தத் துறையில் நிற்கிறதோ அந்தத் துறையில் கிடைப்பது அன்றைக்கு மேசைக்கு வரும். கூடவே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஒயின்.

முதல் நாள் விருந்தில், ராக்னா எழுதி வைத்திருந்த பெயரட்டைகளின் புண்ணியத்தில், ஒட்வாருக்கு ஹால்டிஸின் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே லோஃபோட்டன் தீவுகளின் மலைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நின்றன. மடிப்புகளில் போன வருடத்துப் பனி இன்னும் அழுக்காக மிச்சமிருந்தது. தட்டில் அந்தத் தீவுகளின் ஆட்டுக்கறி. ஒயின் ஊற்ற வந்த பெண், இதில் கறுப்புத் திராட்சை மணமும் ஈரக்கல் மணமும் பழைய தோல் மணமும் இருக்கும் என்று விளக்கினாள். ராக்னாவின் மைத்துனர் கோரேவுக்குக் காது மந்தம், ஆனால் கேட்க வேண்டியது மட்டும் கேட்டுவிடும். செருப்புத் தோலா, குதிரைச் சேணமா என்று அவர் உரக்க விசாரித்தார். ஒட்வார் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, பங்கில் டீசல் பார்ப்பதுபோல் பார்த்தான். தண்ணி கலக்கலை, ஊத்தலாம் என்று அவன் முணுமுணுத்ததற்கு ஹால்டிஸ் மூக்கில் ஒயின் ஏறும் அளவுக்குச் சிரித்தாள்.

அவனால் ஒருவர் சிரித்தது எத்தனை காலத்துக்குப் பிறகு! கறி ருசித்தது. உருளைக்கிழங்குகூட ருசித்தது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து உப்பை நகர்த்திக் கொடுத்தால் உருளைக்கிழங்குக்கே வேறு ருசி வந்துவிடும் என்பது இந்த வயதில்தான் அவனுக்குத் தெரிய வந்தது. சந்தோஷத்தில் சொல்ல வந்ததை மறந்தே போனான்.

மறந்தது தப்பாகப் போயிற்று. எல்லோரும் எல்லோரோடும் கலந்து பேச வேண்டும் என்று ராக்னா ஒவ்வொரு வேளைக்கும் அட்டைகளைக் கலைத்துப் போட்டாள். ட்ரோம்சோவில் ஹாலிபட் மீன் வந்தபோது ஒட்வார் கோரேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாதவன் என்று பேரெடுத்தவன், ஒரே வாக்கியத்தை மூன்று தடவை கத்திக்கொண்டிருந்தான். மறுநாள் வெண்ணெயில் வதக்கிய சிப்பி வந்தது, அப்போதும் கோரேதான். ஹால்டிஸ் மேசையின் அந்தக் கோடியில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்தளத்தில் போய்ச் சொல்லலாம் என்றால் அங்கே எந்நேரமும் யாராவது நின்று திமிங்கிலம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நாற்காலி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கரையில் சாப்பிட்டவன் தன் பாட்டுக்கு எழுந்து போக முடியாது. 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். விருந்தென்றால் எல்லோருக்குமாக ஒருவர் சொல்வார். யார் அவர்? விருந்து வைக்கிற அம்மாளின் இடப்பக்கத்து நாற்காலியில் உட்காருகிற ஆண். அவர் கிளாஸைத் தட்டி எழுந்து நின்று, வந்ததை எல்லாம் வரிசையாகப் புகழ்ந்து, நாலு சிரிப்புக்கு இடம் வைத்து, கடைசியில் அந்த நன்றியைச் சொல்ல வேண்டும். அது காதில் விழும்வரை பாதிரியாரானாலும் சரி, மந்திரியானாலும் சரி, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அந்த நாற்காலிக்குப் பயந்தே ஒட்வார் பாதிக் கல்யாணங்களுக்குப் போனதில்லை. இந்தப் பயணத்தில் விருந்து வைப்பவள் ராக்னா. ஆக, ராக்னாவின் பக்கத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாமலிருந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்தான்.

கரையின் வடகோடி முனையைத் தாண்டிய பிறகு இன்னொரு கவலை வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் ஐலிஃப். லாங்விக் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், இன்றும் ஊருக்கே அவர் ஹெட்மாஸ்டர்தான். கல்யாணமோ சாவோ, அவர் பேசாமல் ஊரில் எதுவும் நடக்காது. அவர் மேல்தளத்தில் தனியாக நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததை ஒட்வார் பார்த்துவிட்டான். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. 'அன்புள்ள ஹால்டிஸ்' என்பது மட்டும் ஸ்பஷ்டமாகக் காதில் விழுந்தது. சாயங்காலமும் அதே இடம், அதே கை, அதே ஹால்டிஸ்.

பெண் கேட்கப் போகிறார் என்றே ஒட்வார் முடிவுகட்டினான். ஹெட்மாஸ்டருக்கு நல்ல வீடு, நல்ல பென்ஷன், அதற்கெல்லாம் மேலே நல்ல வாய். அவர் கேட்டால் எந்தப் பெண் மறுப்பாள்? ஒத்திகை பார்த்து வேறு கேட்கப் போகிறார்!

கடைசி நாள், வார்டோ துறையைத் தாண்டியாயிற்று. மதிய விருந்து முடிந்ததும் கிர்கெனெஸில் இறக்கம். ஒட்வார் எல்லோருக்கும் முன்னால் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நழுவினான். மேசை தயாராக இருந்தது. ஹால்டிஸ் அட்டைக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தான். ஐலிஃப். சந்தேகமே இல்லை, இன்றைக்குத்தான். தன்னுடையது எங்கே? சமையலறைக் கதவோரம், கோரேவுக்குப் பக்கத்தில். இரண்டு அட்டைகளையும் எடுத்தான், இடம் மாற்றி வைத்தான், ஆடு திருடிய கள்ளன்போல் முழித்துக்கொண்டு ஜன்னலோரம் போய்க் கடலைப் பார்த்தான். ராக்னாவின் அட்டை வழக்கமான இடத்தில் இல்லாமல் எங்கேயோ நடுவில் இருந்ததே, அதை அவன் கவனிக்கவில்லை.

எல்லோரும் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஹால்டிஸின் பக்கத்து நாற்காலிவரை வந்து அட்டையைக் குனிந்து படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் நாற்காலிக்காக வாய் திறக்க மாட்டார்கள்; அட்டை சொன்னால் சொன்னதுதான். மேசையைச் சுற்றித் தேடி, கதவோரம் போய் உட்கார்ந்து, நாப்கினை மடியில் விரித்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. ஹால்டிஸ் ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள், பக்கத்தில் ஒட்வாரைப் பார்த்தாள்.

முதல் ஒயின் ஊற்றியானதும் அவள் கிளாஸைத் தட்டினாள். எழுந்து நின்றாள். இத்தனை நாள் ராக்னா எல்லோருக்கும் விருந்து வைத்தாள், இன்றைக்கு அவளும் விருந்தாளி, இந்த வேளை தன் செலவு, தன் பரிசு, எல்லோரும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தாள். ராக்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள்.

ஒட்வாரும் தூக்கினான். பாதி வழியில் கை நின்றது. விருந்து வைப்பவள் ஹால்டிஸ். அவள் இடப்பக்கம் யார்? தானேதான். ஹெட்மாஸ்டர் கடலைப் பார்த்து ஒத்திகை பார்த்தது காதலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை, சாப்பாட்டுக்கு நன்றி! சும்மா இருந்தவன் சனியனை விலைகொடுத்து வாங்கிப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது.

ஹால்டிஸ் அவன் பக்கம் சாய்ந்தாள். "ஹெட்மாஸ்டரைத்தான் பேசச் சொல்லியிருந்தேன். நீங்க பேசறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இல்லை என்று சொல்ல அவனுக்கு மனது வரவில்லை. வடக்கத்தி ஆட்கள் ஆமாம் சொல்வதுபோல் மூச்சை ஒரு இழு உள்ளே இழுத்தான். அவ்வளவுதான், தலையெழுத்து முடிவாகிவிட்டது.

ராட்சச நண்டின் கால்கள் வந்தன. ஒரு கால் முழங்கை நீளம் இருந்தது. எல்லோரும் கத்தரியால் மேலோட்டை வெட்டி, வெள்ளைச் சதையை உருவி, விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒட்வார் என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. வெளியே வாராங்கர் கரை தாழ்வாக, மரமில்லாமல், பறவைகளோடு போய்க்கொண்டிருந்தது. ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஆசைப்பட்டவள் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருக்கிறாள், இதைவிட நல்ல சமயம் இனி வராது. இவனோ நண்டைப் பற்றி என்ன சொல்வது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தான். நண்டு பெரிது. அப்புறம்? அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பனிமான் கறியும் சிவப்பு ஒயினும் வந்தன. ஹால்டிஸ், பெர்கனில் மகள் வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொரு வீட்டு ஜன்னல்தான் தெரியும் என்று தட்டைப் பார்த்தபடி சொன்னாள். இதைவிட நல்ல வாசல் யார் திறந்துவிடுவார்கள்? 'அப்படியானால் போகாதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஒட்வார் அங்கே மழை அதிகம் என்றான். சொன்னவுடனே தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

சதுப்பில் பொறுக்கிய மஞ்சள் பழங்களைக் கிரீமில் கலந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் தட்டில் அதுவும் தீர்ந்தது. காபி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிர்கெனெஸ், பயணிகள் இறங்கத் தயாராகவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. மற்றப் பதினொரு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக, ஒட்வாரைப் பார்த்தார்கள்.

கரண்டியால் கிளாஸைத் தட்டினான். பலமாகத் தட்டிவிட்டான். எழுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"நண்டு நல்லா இருந்துச்சு," என்றான். "மானும் நல்லா இருந்துச்சு. அந்தப் பழம், அதுவும்." கொஞ்சம் யோசித்தான். "ஒயினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. சிவப்பு சிவப்பா இருந்துச்சு."

மேசை சிரித்தது. நல்ல மனதோடுதான் சிரித்தது. சரி, முடித்துவிடப் போகிறான் என்று இரண்டு பேர் நாப்கினை மடிக்கவும் தொடங்கினார்கள். அவன் முடிக்கவில்லை.

"இது எனக்குப் போட்ட இடம் இல்ல. ஹெட்மாஸ்டருக்குப் போட்டது. நான்தான் அட்டையை மாத்தினேன். சார், மன்னிச்சுக்குங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். ராக்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசறதுக்காக மாத்தல. எனக்குப் பேச வராது, உங்க எல்லாருக்கும் தெரியும். ஹால்டிஸ் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்னு இருந்துச்சு. வண்டியில ஸ்டியரிங் மேல டப்பாவை வெச்சுத்தான் இத்தனை வருசமும் சாப்பிட்டேன். வீட்டுலயும் தனியாத்தான். குறையா ஒண்ணும் தெரிஞ்சதில்ல. இந்தக் கப்பல்ல ஏறி முதல் நாளு அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன் பாருங்க, அதுலருந்து தெரியுது."

அவன் ஹால்டிஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று தெரியும். ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இப்ப நான் அந்த நன்றியைச் சொல்லணும். சொன்னா எல்லாரும் எந்திரிச்சிடுவீங்க. அவங்களும் எந்திரிச்சுப் பெர்கன் போயிடுவாங்க. அவங்க போகக் கூடாதுன்னு எனக்கு ஆசை. அதனால என்னால அதைச் சொல்ல முடியல."

உட்கார்ந்துவிட்டான்.

கோரே, ஆச்சா, எழுந்திருக்கலாமா என்று உரக்கக் கேட்டார். உட்காரு, இன்னும் சொல்லவில்லை என்று ராக்னா மேசை நடுவிலிருந்து அவரை அதட்டினாள். சொல்லாமல் எப்படி எழுவது? பன்னிரண்டு பேரும் நாற்காலியில் அப்படியே இருந்தார்கள். கப்பல் துறைமுகச் சுவரில் மெதுவாக இடித்தது. வெளியே கயிறு வீசுகிற சத்தம் கேட்டது. மேசையைத் துடைக்கத் துணியோடு வந்த பெண், இவர்கள் அசையாமலிருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று காபி ஊற்றினாள்.

ஒட்வாருக்குக் காது இரண்டும் கொதித்தன. மானத்தோடு இந்தக் கப்பலிலிருந்து இறங்க முடியாது, நேராகக் கடலில் குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் நெஞ்சில் கனம் இல்லை. வசந்தம் முழுக்க இருந்த கனம் அது. எங்கே போயிற்று என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹால்டிஸ் தன் கிளாஸில் மிச்சமிருந்த சிவப்பு ஒயினைக் குடித்து முடித்தாள். அவசரப்படவில்லை. பிறகு மேசையின் கோடியைப் பார்த்தாள்.

"ஹெட்மாஸ்டர், உங்ககிட்ட பேச்சு தயாரா இருக்கில்ல?"

"மனப்பாடமாவே இருக்கு," என்றார் ஹெட்மாஸ்டர். ஒட்வாரைப் பார்த்து விரலை ஆட்டினார். "கேட்டிருந்தா இடத்தை நானே கொடுத்திருப்பேனேப்பா. உனக்கு இம்போசிஷன் இருக்கு."

"அதை அப்புறம் எழுதிக் கொடுப்பார்," என்றாள் ஹால்டிஸ். "இப்ப இவங்க எல்லாருக்காகவும் நீங்க நன்றி சொல்லிடுங்க. பாவம், இறங்கணும். மகள்கிட்ட நான் பேசிக்கிறேன்." அவள் ஒட்வாரின் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். பழம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "இவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. நானும் முடிக்கல."

ஹெட்மாஸ்டர் எழுந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்ததில் ஒரு வரி விடாமல் பேசினார். நண்டைப் புகழ்ந்தார், மானைப் புகழ்ந்தார், ஒயினில் அவருக்குத் தெரிந்த மணங்களையெல்லாம் சொன்னார், நாலு இடத்தில் சிரிக்க வைத்தார். கடைசியில், மேசையில் பத்துப் பேர் சார்பாக என்று சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார்.

பத்து நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. இரண்டு நகரவில்லை.